கிணற்றில் அணுகுண்டு

அமிர்தநாதன் அண்ணாச்சியிடம் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. அதற்குள் காணாமல் போன ஒரு யானையைத் தேடியிருக்கிறோம். ஒரு போலி மாப்பிள்ளையைத் தாலி கட்டும் நேரத்தில் பிடித்திருக்கிறோம். அணுகுண்டு மட்டும் பாக்கி இருந்தது. 1957 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அதுவும் வந்து சேர்ந்தது, தபால் கார்டில்.

யாரிடமோ சொல்லி எழுதியிருந்த கார்டு அது. "எங்க ஊர்க் கெணத்துல அணுகுண்டு போட்டுப்போட்டாங்க. நாந்தான் போட வெச்சேன்னு சொல்றாங்க. செவ்வாக்கெழமை நாலு மணிக்கு ஊர்க்கூட்டம். என்னைய ஊரை விட்டே தொரத்தறாங்களாம். அதுக்குள்ள வந்துருங்க. இப்படிக்கு, கமலாத்தாள், இட்லிக்கடை, நல்லாம்புதூர்."

அண்ணாச்சி கார்டை இரண்டு தரம் படித்துவிட்டுக் குடையை எடுத்தார். மூணாறு பக்கத்துத் தேயிலை எஸ்டேட் டிஸ்பென்சரியில் பத்து வருஷம் கம்பவுண்டராக இருந்தவர் அவர். மருந்துக்கு வருகிறவர்களில் யாருக்கு நிஜக் காய்ச்சல், யாருக்கு லீவுக் காய்ச்சல் என்று பார்த்துப் பார்த்தே துப்பறியக் கற்றுக்கொண்டார். நான் தாவூத், பாலக்காட்டுத் துணிக்கடைக் குடும்பம். துணியைவிட வாயை அதிகம் அளந்தேன் என்று என் வாப்பா என்னைக் கடையிலிருந்து இறக்கிவிட்டார். அந்த வாய்க்காகவே அண்ணாச்சி என்னைச் சேர்த்துக்கொண்டார் என்பது என் கட்சி. அவர் இதுவரை மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

நல்லாம்புதூர், வேலந்தாவளம் போகிற வழியில், கோயமுத்தூர் எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. போன நவம்பரில் எங்களையெல்லாம் மெட்ராஸ் ராஜ்யத்திலிருந்து எடுத்துக் கேரளத்தில் சேர்த்தார்கள் அல்லவா, அந்த ஊரையும் சேர்த்துத்தான். ஊர்க்காரர்கள் தமிழ் பேசிக்கொண்டே ராத்திரி படுத்து, காலையில் மலையாள ராஜ்யத்தில் எழுந்தார்கள். அதனால் அவர்களுக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை, இந்த அணுகுண்டு வரைக்கும்.

பஸ் டிரைவர் மொக்கையன் எங்களைக் கடை வாசலிலேயே இறக்கிவிட்டார். கமலாத்தாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கேஸ் என்ன என்று சொல்வதற்கு முன்னால் இலையைப் போட்டு ஆளுக்கு நாலு இட்லி வைத்துவிட்டார். கடையில் எங்களைத் தவிர ஈ கூட இல்லை. ஈக்களுக்கும் தகவல் போயிருக்கும்போல என்றேன். அண்ணாச்சி என் காலை மிதித்தார்.

விஷயம் இதுதான். இரண்டு வாரத்தில் ஊரில் ஒன்பது பேருக்குச் சீதபேதி. ஒன்பது பேரும் கமலாத்தாள் கடையில் சாப்பிடுகிறவர்கள்; ஊரில் அங்கே சாப்பிடாதவர்களே குறைச்சல் என்பது யாருக்கும் தோன்றவில்லை. ஊர்த்தலைவர் நாச்சிமுத்துவின் பேத்தி, ஆறு வயது மயிலாத்தாள், பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். இட்லி மாவில் எதையோ கலந்துவிட்டாள் என்று பேச்சு கிளம்பியது. அது போதாதென்று ஐந்து நாளைக்கு முன்னால் சைக்கிளில் ஒருவன் வந்தான். கறுப்புப் பெட்டி, கண்ணாடி, மலையாளப் பேச்சு. கமலாத்தாளிடம் மூன்று டீ குடித்தான், இட்லியைப் புகழ்ந்தான், கொஞ்சம் மாவையும் தயிரையும் சின்னச் சீசாவில் கேட்டு வாங்கினான். நேரே போய் ஊர்க் கிணற்றில் அணுகுண்டை இறக்கிவிட்டுப் போய்விட்டான்.

"மாவு கேட்டான், குடுத்தேனுங்க. மாவுல குண்டு செய்வாங்கன்னு யாருக்குங்க தெரியும்?" என்றார் கமலாத்தாள். "இருபது வருசமா இந்த ஊருக்குப் பசியாத்தியிருக்கறேன். இனி எங்க போய் அடுப்பு வெப்பேன்?"

சொல்லிக்கொண்டே என் இலையில் ஐந்தாவதாக ஒரு இட்லியை வைத்தார். நான் அதை அப்படியே வைத்து இலையை மூடினேன்.

வெளியே வந்தோம். ஊர்த்தலைவர் நாச்சிமுத்து எதிரே வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு, சிவந்த கண். அந்தப் பொம்பளையை நாலு மணிக்கு மேல் இந்த மண்ணில் பார்க்கக் கூடாது என்று உறுமினார். பேத்தி பெயரைச் சொன்னதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்த துண்டு தோளுக்குப் போவதற்குள், வந்தது வந்தீர்கள், இதையும் பார்த்துவிடுங்கள் என்று தன் புது வீட்டுப் பின்புறத்தைக் காட்டினார். சிமெண்டுத் தரை, தகரக் கூரை, மரக்கதவு வைத்த கக்கூஸ். சுற்றுவட்டாரத்திலேயே முதல் கக்கூஸாம். ரிப்பன் கட்டி, வாழைமரம் நட்டு, போன மாதம் திறந்துவைத்தாராம். துக்கத்தில் இருக்கிற மனிதரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்பதற்காக நான் தகரக் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது கிணற்றடி வரைக்கும் வெயிலைத் திருப்பி அடித்துக் கண்ணைக் கூசவைத்தது.

குண்டு வைத்ததை நேரில் பார்த்த ஒரே சாட்சி பெரியம்மாள். காது கொஞ்சம் மந்தம். கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை என்று அவரே சொன்னார். அன்றைக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறார். அந்த ஆள் காக்கிக் காகிதம் சுற்றிய சீசாவை எடுத்தான். வாயில் வெள்ளையாகத் திரி. திரியைப் பிடுங்கினான். ஒரு குட்டி விளக்கைப் பற்றவைத்துச் சீசா வாயை நெருப்பில் காட்டினான். உடனே கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினான். பெரியம்மாள் குடத்தைப் போட்டுவிட்டு ஓட, அவன் பின்னாலேயே கத்தினான்.

"என்ன கத்தினான்?" என்று அண்ணாச்சி காதருகே குனிந்து கேட்டார்.

"கெணத்துல அணுகுண்டு, குடி கருகுதுன்னானுங்க."

கூடியிருந்தவர்கள் ஒரு அடி பின்வாங்கினார்கள். அந்த வாக்கியத்தை ஐந்து நாளாகத் தினமும் கேட்டிருந்தும் அவர்களுக்குப் பயம் குறையவில்லை. கிணற்றை யாரும் தொடுவதில்லை. எல்லோரும் ஒரு மைல் நடந்து வாய்க்காலுக்குப் போகிறார்கள்.

அண்ணாச்சி மட்டும் கிணற்றை நோக்கி நடந்தார். பின்னாலேயே நான், கொஞ்சம் பின்னால். கைப்பிடிச்சுவர் இரண்டு இடத்தில் பிளந்திருந்தது. அதன் ஓரத்தில் புல்லுக்குள் கிடந்த எதையோ எடுத்து மோந்து பார்த்தார். இறுக்கிச் சுருட்டிய பஞ்சு. ஒரு முனை லேசாகப் பழுத்த நிறம், அப்பளத்தைச் சுட்டது மாதிரி.

"தாவூது, பஞ்சை வறுத்து உபயோகிக்கிற குண்டுக்காரனை எங்கயாவது பாத்திருக்கியா?"

"பஞ்சை வறுக்கிறவனையே இப்பத்தான் கேள்விப்படுறேன் அண்ணாச்சி."

"இவன் போலீசுக்குப் பயந்தவன் இல்லைலே. அழுக்குக்குப் பயந்தவன். சீசாவை ஏன் நெருப்புல காட்டினான்? பத்தவைக்க இல்லை, சுத்தம் பண்ண. அப்படிச் சுத்தம் பண்ணின சீசாவை எதுக்கு ஒரு மனுஷன் கிணத்துல இறக்குவான்? எதையோ போடுறதுக்கா, எடுக்குறதுக்கா?"

எனக்குப் புரிந்துவிட்டது. ஊருக்கும் புரியவைக்க வேண்டும் என்று ஒரு வேகம் வந்தது. வாளியைக் கிணற்றில் விட்டேன். கூட்டம் காதைப் பொத்திக்கொண்டது. தண்ணீரை இறைத்து, சொம்பில் மோந்து, எல்லோரும் பார்க்க அண்ணாந்து கடகடவென்று குடித்தேன். கற்கண்டுத் தண்ணீர். குண்டும் இல்லை, ஒன்றும் இல்லை என்று இரண்டு கையையும் விரித்தேன். எந்த நாடக மேடையிலும் எனக்கு அப்படிக் கைதட்டல் கிடைத்திருக்காது. அண்ணாச்சி மட்டும் தட்டவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது.

"ஏம்லே குடிச்ச?"

"குண்டு இல்லைன்னு காட்டத்தான்."

"குண்டு இல்லைன்னு எனக்கும் தெரியும். அதைவிட மோசமா ஏதோ இருக்குன்னு நினைக்கேன்."

வாயைக் கொப்பளிக்க வாய்க்கால் எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

சைக்கிள்காரன் கொழிஞ்சாம்பாறையில் கதீஜா வீட்டு மாடியில் தங்கியிருப்பதாகக் கமலாத்தாளிடம் சொல்லியிருந்தான். தான் எங்கே இருக்கிறேன் என்று டீக்கடையில் சொல்லிவிட்டுப் போகிற குண்டுக்காரனும் உலகத்தில் இவன் ஒருவன்தான். அடுத்த பஸ்ஸில் போய் இறங்கினோம். வீட்டுக்காரி கதீஜா கதவைத் திறந்ததும் எங்களைப் போலீஸ் என்று நினைத்துக்கொண்டு, வாடகைக்கு வந்த ஆள் நல்லவன்தான், ஆனால் கொஞ்சம் வட்டு, அதாவது கிறுக்கு, என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அலமாரியைத் திறக்க விடுவதில்லையாம். உள்ளே பிள்ளைகள் வளர்கின்றன என்கிறானாம். அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

ஆள் பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தான். நாங்கள் மாடிக்கு ஏறினோம். மேசைமேல் பித்தளைக் குழாய் வைத்த ஒரு கருவி. அலமாரியில் வரிசையாகச் சின்னச் சின்னக் கண்ணாடித் தட்டுகள்; மூடி போட்டு, உள்ளே மஞ்சளாக, பளபளவென்று உறைந்த ஏதோ ஒன்று. பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கடல்பாசி. நோன்பு மாதத்தில் எங்கள் வீட்டில் பால் ஊற்றிக் காய்ச்சி உறையவைப்பார்கள். மேலே புள்ளிப் புள்ளியாக முந்திரி மாதிரி ஏதோ தூவியும் இருந்தது. குண்டுக்காரன் ருசி தெரிந்தவன் என்று ஒரு தட்டின் மூடியைத் திறந்து விரலை நீட்டினேன்.

"அய்யோ, தொடல்லே!"

வாசலில் இடுப்புத் துண்டும் தலையில் சோப்பு நுரையுமாக ஒரு மனிதன். ஓடிவந்து என் கையிலிருந்து தட்டைப் பிடுங்கினான். என் விரலை ஸ்பிரிட் பஞ்சால் மூன்று தரம் துடைத்தான். நாங்கள் யார் என்று கேட்கவே மறந்துபோனான். தட்டு நலமாக இருக்கிறதா என்றுதான் பார்த்தான்.

பெயர் குஞ்சு முகம்மது. சொந்த ஊர் பொன்னானிப் பக்கம். சர்க்காரின் தண்ணீர்ப் பரிசோதனைக்காரர். ஒரே ஊரிலிருந்து ஒன்பது பேர் சீதபேதியோடு வந்தால் ஆஸ்பத்திரி டாக்டர் சும்மா இருப்பாரா? இவரை அனுப்பியிருக்கிறார். பாதி மலையாளமும் பாதித் தமிழுமாக அவர் சொன்னதை நான் சுருக்கித் தருகிறேன். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் உலகம் பூராவும் இருக்கின்றன. மண்ணில், தண்ணீரில், நம் தோலில், குடலில். பெரும்பாலானவை பரம சாது. சில நமக்காக வேலையும் செய்கின்றன. ஒன்றிரண்டு மட்டும் கொலைகாரர்கள். அந்தக் கொலைகாரனைப் பிடிக்க அவர் செய்வது இதுதான்: இறைச்சிச் சாற்றைக் கடல்பாசியோடு காய்ச்சி உறையவைத்து, மேலே சந்தேகப்பட்ட தண்ணீரில் ஒரு துளி. கதகதப்பில் ஒரு நாள் வைத்தால், ஒற்றையாக இருந்தவன் தின்று பெருகி, கோடிப் பேராகி, கண்ணுக்குத் தெரிகிற புள்ளியாக வெளியே வந்துவிடுகிறான்.

அண்ணாச்சி மெய்மறந்து கேட்டார். சோறு போட்டே குற்றவாளியை வரவழைக்கிற துப்பறிவாளரை அவர் இதுவரை பார்த்ததில்லை. நான் சாப்பிடப் போன முந்திரி எது என்று நினைத்து எனக்குத் தலை சுற்றியது.

"இது எந்தக் கிணத்துத் தண்ணி?" என்று தட்டைக் காட்டிக் கேட்டார் அண்ணாச்சி.

"நல்லாம்புதூர். நிறைய உண்டு. சுவர் பிளந்தது கண்டப்பவே எனக்குச் சந்தேகம். குடம் இட்டு ஓடிய அந்த அம்மையிடம் ஞான் அப்பவே பறஞ்ஞு."

"என்ன சொன்னீங்க? அதே வார்த்தையைச் சொல்லுங்க."

"கிணற்றில் அணு உண்டு. குடிக்கருது."

அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். மலையாளத்தில் அணு என்றால் கிருமியும்தான். குடிக்கருது என்றால் குடிக்கக் கூடாது. அணு உண்டு, அணுகுண்டாயிற்று. குடிக்கருது, குடி கருகுது ஆயிற்று. ரேஷன் கடைச் சுவரில் மலையாளத்தில் நோட்டீசும் ஒட்டினாராம் குஞ்சு முகம்மது. படிக்கத் தெரிந்தவர் ஊரில் ஒருவர்கூட இல்லை.

நானும் சிரித்திருப்பேன். ஒரு சொம்புத் தண்ணீர் உள்ளே இருந்ததால் சிரிக்க முடியவில்லை. மூன்று நாள் பார்க்கலாம், கொதித்ததை மட்டும் குடி என்று பரிசோதனைக்காரர் என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டில் எனக்கு அவ்வளவாக ஆறுதல் கிடைக்கவில்லை.

கருவியோடு அவரையும் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். பஸ்ஸில் அண்ணாச்சி மொக்கையனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். தினமும் கமலாத்தாள் கடையில் எத்தனை இட்லி?

"எட்டு. ஏழு வருஷமா," என்றார் மொக்கையன். "இந்தா, இன்னைக்கும் எட்டு."

"வயிறு?"

"கல்லு மாதிரி இருக்கு."

"அங்க தண்ணி குடிப்பீங்களா?"

"தண்ணி எஞ்சினுக்கு ஊத்துறது சார். எனக்கு டீ."

அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். இட்லி வெந்தது, டீ கொதித்தது, சாம்பாரும் கொதித்தது. கடையில் கொதிக்காத சாமான் தண்ணீர் டம்ளர் ஒன்றுதான்.

நாலு மணிக்குக் கிணற்றடியில் ஊரே கூடியிருந்தது. கமலாத்தாள் கடை வாசலில் தனியாக நின்றார். பக்கத்தில் ஒரு தகரப்பெட்டியும் சுருட்டிய பாயும் இருந்தன. குண்டுக்காரனைக் கண்டதும் நாலு பேர் கம்பை எடுத்தார்கள். அண்ணாச்சி குடையை விரித்துக் குறுக்கே நின்று, அணு உண்டு கதையை அப்படியே ஒப்பித்தார். முதலில் யாரும் சிரிக்கவில்லை. பெரியம்மாள்தான் ஆரம்பித்தார். பிறகு ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. நானும் பிடித்துக்கொண்டேன், வேறு காரணத்துக்காக.

எல்லாம் சுபமாக முடிந்திருக்கும், குஞ்சு முகம்மது வாயைத் திறக்காமல் இருந்திருந்தால். அவருக்குத் தன் வித்தைமேல் உயிர். கூட்டம் கிடைத்த சந்தோஷத்தில் கல்மேல் ஏறி நின்று, கிணற்றில் மட்டுமா அணு, இந்த அம்மையின் இட்லி மாவிலும் அணு உண்டு, தயிரிலும் அணு உண்டு, உங்கள் எல்லோர் வயிற்றிலும் கோடிக்கணக்கில் அணு உண்டு என்று கையை ஆட்டி முழங்கினார்.

சிரிப்பு நின்றது. ஒருவர் தன் வயிற்றைத் தடவிப் பார்த்தார். அப்படியானால் மாவில் கலந்தது நிஜம்தான் என்று நாச்சிமுத்து எழுந்தார். கம்புகள் மறுபடி மேலே வந்தன. கமலாத்தாள் குனிந்து பாயை எடுத்துக்கொண்டார். ஐந்தே நிமிஷத்தில் ஜெயித்த கேஸ் ஐந்தே வார்த்தையில் போயிற்று.

அண்ணாச்சி சத்தம் போடவில்லை. ஊர்த்தலைவரைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்.

"அய்யா, ராத்திரி ஆட்டி வச்ச மாவு காலையில பொங்குதே, யாரு பொங்கவைக்கா?"

"அது தானா பொங்கும்."

"தானா ஒண்ணும் நடக்காதுங்க. பால்ல ஒரு சொட்டு மோர் விட்டா தயிராகுதே, அந்தச் சொட்டுல என்ன இருக்கு? உசுரு இருக்கு. கண்ணுக்குத் தெரியாத உசுரு. அது நம்ம கூலி வாங்காத வேலைக்காரன். கிணத்துல இருக்கது வேற சாதி. அது நம்மளைத் திங்க வந்தது. ரெண்டுக்கும் ஒரே பேரைச் சொல்லி இந்தத் தம்பி குழப்பிட்டான்."

பரிசோதனைக்காரர் பித்தளைக் குழாய் உருப்பெருக்கியில் ஒரு துளிக் கிணற்று நீரை வைத்துப் பெரியம்மாளைப் பார்க்கச் சொன்னார். அவர் ஒற்றைக் கண்ணை மூடி ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏனுங்க, இத்தனையும் எங்க கெணத்துலயா குடியிருக்குது? சந்தைக்குப் போற கூட்டமாட்ட ஓடுதுங்களே."

இவர் பார்க்கிற பெரிய உருப்படிகள் அப்பாவிகள், நிஜக் குற்றவாளி இதைவிடச் சின்னவன், தட்டில்தான் பிடிபட்டான் என்று குஞ்சு முகம்மது திருத்தினார். யார் காதிலும் விழவில்லை. வரிசை தெருமுனை வரை போய்விட்டது.

நாச்சிமுத்து வரிசையில் சேரவில்லை. இந்தத் தண்ணியைத்தான் பாட்டன் காலத்திலிருந்து குடிக்கிறோம், போன மாதம் வரை சாதுவாக இருந்த கிணற்றுக்குள் அது எப்படி வந்தது என்று கேட்டார். நியாயமான கேள்வி. குஞ்சு முகம்மது நடக்க ஆரம்பித்தார். பிளந்த கைப்பிடிச்சுவரிலிருந்து மேட்டைப் பார்த்து எட்டு வைத்து எண்ணினார். பதினோராவது எட்டில் நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் தகரக் கூரை வெயிலில் மின்னியது.

கக்கூஸ் குழி தோண்டியது போன மாதம். மழை பிடித்தது அதற்குப் பின்னால். குழியிலிருந்து கிணற்றுக்குச் சரிவு. ஊர்த்தலைவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பேத்தியின் பெயரைச் சொல்லித் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவரைப் பார்த்துச் சிரிப்பை அடக்கியதற்காகக் காலையில் என்னை நானே மெச்சிக்கொண்டேன். இப்போது அழுகையை அடக்க வேண்டியிருந்தது.

கமலாத்தாள் ஜெயித்துவிட்டார். அவர் முகத்தில் அது தெரியவில்லை. பாயைக் கீழே வைத்துவிட்டுப் பரிசோதனைக்காரரிடம் வந்தார்.

"அப்ப, அந்தப் புள்ளைக்கு டம்ளர்ல மோந்து குடுத்தது நான் தானுங்களே. தெனமும் பள்ளிக்கூடம் போறப்ப வந்து கேக்கும்."

குஞ்சு முகம்மதுக்கு அதுவரை சொல்லத் தோன்றாத ஒன்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. நேற்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாராம். அந்தப் பெண் உட்கார்ந்து கஞ்சி குடித்தாளாம். கஞ்சியில் உப்பில்லை என்று நர்சிடம் சண்டையும் போட்டாளாம்.

கமலாத்தாள் விருட்டென்று கடைக்குள் போனார். அடுப்பில் விறகைத் தள்ளி, வாய்க்கால் தண்ணீரைப் பெரிய அண்டாவில் ஊற்றி ஏற்றினார். கொதிக்காத தண்ணீர் இனி இந்தக் கடையில் இல்லை என்று யாரைப் பார்த்தும் சொல்லாமல் பொதுவாகச் சொன்னார். ஊர் முழுக்க அந்த அண்டாவைப் பார்த்துக்கொண்டு நின்றது. தண்ணீர் கொதிப்பதை முந்நூறு பேர் கூடி வேடிக்கை பார்த்தது உலகத்திலேயே அன்றைக்குத்தான் இருக்கும். குமிழி வந்தது. பிறகு தளதளவென்று பொங்கியது. கமலாத்தாள் ஒரு டம்ளர் மோந்து, இன்னொரு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றினார். அதை எடுத்துக்கொண்டு நேரே நாச்சிமுத்துவிடம் போய் நீட்டினார்.

விஷக்காரி என்று இரண்டு வாரம் தூற்றிய மனிதர் வாங்குவாரா என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. நாச்சிமுத்து எழுந்து நின்றார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

"ஆறு மணி பஸ்ஸுக்கு ஆஸ்பத்திரி போறேன், கமலாத்தா," என்றார். "புள்ளைக்கும் ஒரு சொம்பு உங்கையால ஊத்திக் குடு."